டர்பனிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? போனிலேயே கணக்குப் போடலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஊருக்குக் கிளம்பும் எல்லா வீட்டிலும் பாட்டிகள் கேட்கும் கேள்விதான் இது. 1860இல் இந்தியத் தொழிலாளர்களை இங்கே முதன்முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் அக்டோபரில் சென்னையை விட்டு, நவம்பர் 16ஆம் தேதிதான் டர்பன் கரையைத் தொட்டது. நமக்கு ஒரு ராத்திரிப் பயணம். ஆனால் அந்த ராத்திரி எத்தனை மணி நேரம்?

முதலில் தூரம். கூகுள் மேப்ஸில் டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு எண்கள் வரும்: -29.6, 31.1. மைனஸ் என்றால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே. சென்னை விமான நிலையத்துக்கு 13.0, 80.2.

வடக்கு தெற்காக வித்தியாசம் 42.6 டிகிரி (மைனஸ் இருப்பதால் கூட்ட வேண்டும், பலர் கழித்துவிடுவார்கள்). கிழக்கு மேற்காக 49.1. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 4,729, 5,450. இனி பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 7,215 கிலோமீட்டர். உருண்டைப் பூமிக்கான சரியான கணக்கில் ஏறக்குறைய 7,080 வரும். தட்டைக் காகிதக் கணக்குக்கு இது மோசமில்லை. பாதை பூமத்திய ரேகையின் இரு பக்கமும் விழுவதால்தான் இப்படித் தப்பித்தோம். துருவத்தை நெருங்க நெருங்கத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும், அங்கே இந்தக் கணக்கு உதைக்கும்.

சரி, இந்த 7,080ஐ நாம் பறக்கப் போவதில்லை. டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் 6,630, பிறகு 2,930, மொத்தம் 9,560. கிட்டத்தட்ட 2,500 கிலோமீட்டர் சுற்று!

அடுத்து நேரம். தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். துபாய்க்கு 8 மணி 20 நிமிடம், அங்கிருந்து சென்னைக்கு 4 மணி. நடுவில் காத்திருப்பு 3 மணி என்று வைத்தால் 15 மணி 20 நிமிடம்.

கடைசியாகக் கடிகாரம். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சென்னை நம்மைவிட மூன்றரை மணி முன்னால். வெள்ளி மாலை 7 மணிக்குக் கிளம்பினால், நம் கைக்கடிகாரத்தில் சனி காலை 10:20. சென்னையில் அப்போது பிற்பகல் 1:50. நான் ஒருமுறை கிளம்பும் தேதியை மட்டும் சொல்லிவிட்டேன். மாமா முந்தின நாளே மீனம்பாக்கத்தில் வந்து நின்றார், பாவம்.

திரும்பும்போது அதே மூன்றரை மணியைக் கழியுங்கள். சென்னையில் அதிகாலை 4 மணிக்கு ஏறினால், அன்றைக்கே மாலை 4 மணி வாக்கில் டர்பன். துபாய் வரை எதிர்காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும்.