எல்.எம்.317 சுற்றுக்கு மின்தடை மதிப்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எல்.எம்.317 என்ற மின்னழுத்தச் சீராக்கிச் சில்லு, தன் வெளியீட்டு முனைக்கும் அட்ஜஸ்ட் முனைக்கும் இடையே ஏறத்தாழ 1.25 வோல்ட் மாறாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. அவ்விரு முனைகளுக்கும் நடுவே ஆர்1 என்ற மின்தடையை இணைத்தால் அதில் நிலையான மின்னோட்டம் ஓடும். அதுவே அட்ஜஸ்ட் முனையிலிருந்து தரைக்குச் செல்லும் ஆர்2 வழியாகவும் பாய்ந்து, வெளியீட்டை 1.25 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது.

பலர் ஆர்2-ஐக் கணக்கிடுவதில் காட்டும் கவனத்தை ஆர்1-இல் காட்டுவதில்லை. உண்மையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆர்1-தான். சுமை (மின்சாரத்தைப் பயன்படுத்தும் கருவி) எதுவும் இணைக்கப்படாதபோதும் இந்தச் சீராக்கியிலிருந்து ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வெளியேறியாக வேண்டும்; இல்லையேல் வெளியீடு கட்டுப்பாட்டை மீறி உயரும். எல்.எம்.317-க்கு அது வழக்கமாக 3.5 மில்லிஆம்பியர் என்றாலும், சில சில்லுகளுக்கு 10 வரை தேவைப்படலாம். 1.25 வோல்ட்டை 0.010 ஆம்பியரால் (10 மில்லிஆம்பியர்) வகுத்தால் 125 ஓம் வருகிறது. அதற்குச் சற்றுக் கீழே கிடைக்கும் 120 ஓம் பாதுகாப்பான தேர்வு. பல வரைபடங்களில் காணப்படும் 240 ஓம், 5 மில்லிஆம்பியரே போதுமான, அதே குடும்பத்தைச் சேர்ந்த எல்.எம்.117-க்குப் பொருந்துவது; எப்போதும் சுமை இருக்கும் சுற்றைத் தவிர வேறெதிலும் அதை அப்படியே பின்பற்ற நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து ஆர்2. தேவையான மின்னழுத்தத்தை 1.25-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆர்1-ஆல் பெருக்க வேண்டும். 9 வோல்ட்டுக்கு 744 ஓம் வருகிறது. 750 ஓமைப் பயன்படுத்தினால் 9.06 வோல்ட் கிடைக்கும். அட்ஜஸ்ட் முனையிலிருந்து வரும் ஏறத்தாழ 50 மைக்ரோஆம்பியர், ஆர்2-இல் மேலும் 0.04 வோல்ட்டைச் சேர்க்கும். 1.25 வோல்ட் என்பதே சில்லுக்குச் சில்லு 1.20 முதல் 1.30 வரை வேறுபடக்கூடியது என்பதால், இந்தச் சிறு பிழைக்காகக் கவலைப்படுவதில் பொருளில்லை. துல்லியம் வேண்டுமெனில் ஆர்2-இன் ஒரு பகுதியை மாறுமின்தடையாக வைத்து மீட்டரைப் பார்த்துச் சரிசெய்வதே நல்லது. அப்போது அதன் நடுமுனையை ஒரு ஓரமுனையோடு சேர்த்து இணைத்துவிட வேண்டும். நடுமுனை தொடர்பிழந்தாலும் முழு மின்தடை சுற்றில் எஞ்சியிருப்பதால், வெளியீடு உள்ளீட்டு அளவை நோக்கித் தாவாது.

மின்தடைகளின் வாட் அளவையும் பார்க்க வேண்டும். 9 வோல்ட் சுற்றில் ஆர்2-இல் 0.08 வாட்டே செலவாவதால் கால் வாட் போதும். 24 வோல்ட்டில் அது 0.24 வாட்டை எட்டுவதால் அரை வாட் தேவை. ஆர்1-ஐச் சீராக்கியின் வெளியீட்டு முனைக்கு மிக அருகிலேயே பற்றவைக்க வேண்டும்.