கட்டைகளால் ஒரு காட்டெருமை

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் நாட்களில், வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளுடன் அமர்ந்து பிளாஸ்டிக் கட்டைகளால் விலங்கு உருவங்கள் செய்யலாம். பெட்டியோடு வரும் படத்தாளைப் பார்த்து ஒட்டகச்சிவிங்கி செய்வதைவிட, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மேயும் காட்டெருமையில் தொடங்குவதே நல்லது. கண்ணால் பார்த்த விலங்கு என்றால், எங்கே பொருந்தவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கட்டையைத் தொடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: கால்களில் வெள்ளை எதுவரை இருக்கிறது? முதுகு எங்கே உயர்ந்து எங்கே இறங்குகிறது? காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளை. தோளிலிருந்து எழும் திமில்மேடு முதுகின் நடுவில் சட்டென்று முடிந்துவிடும். கொம்புகள் பக்கவாட்டில் விரிந்து மேல்நோக்கி வளையும். இம்மூன்றும் அமைந்துவிட்டால் கண்ணும் காதும் இல்லாமலே உருவம் அடையாளம் தெரியும்.

தேவையானவை: மேற்புறத்தில் இரண்டுக்கு நான்கு என எட்டுக் குமிழ்கள் புடைத்திருக்கும் கறுப்பு அல்லது பழுப்புக் கட்டைகள் 9, அதே நிறத்தில் இரண்டுக்கு இரண்டு கட்டை 1, கால்களுக்கு இரண்டு குமிழ்க் கட்டைகள் கறுப்பில் 4, வெள்ளையில் 4, கொம்புக்கு ஒரே வரிசையில் நான்கு குமிழ்கள் உள்ள கட்டை 1, ஒற்றைக் குமிழ்க் கட்டைகள் 2. குளிருக்கு விரித்த கம்பளியின் மேல் வைத்துச் செய்தால் உருவம் ஆடும், சிறு கட்டைகளும் மடிப்பில் மறையும். ஒரு தாம்பாளத்தில் வைத்துச் செய்யுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் சிறு கட்டைகள் அதன் கைக்கு எட்டவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அக்குழந்தைக்குப் பெரிய கட்டைகளைத் தனியே கொடுத்துவிடலாம்.

முதலில் உடல். நான்கு எட்டுக் குமிழ்க் கட்டைகளை நீளவாக்கில், இரண்டு வரிசையாக, வரிசைக்கு இரண்டாகப் பரப்புங்கள். அவற்றின்மேல் மூன்று கட்டைகளைக் குறுக்காக நெருக்கி வைத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு குமிழ் வரிசை வெளியே தெரியுமாறு அழுத்த வேண்டும். கொத்தனார் செங்கல் அடுக்குவது போல, கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்குக் கட்டையின் நடுவில் விழ வேண்டும். இணைப்புக்கு நேர்மேலே இணைப்பு வந்தால் தூக்கும்போது உடல் இரண்டாகப் பிளந்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாமல், பிள்ளைகள் ஒருமுறை பிளக்கவிட்டுப் பார்ப்பதே மேல் என்பேன்.

அடுத்தது கழுத்து. ஒரு எட்டுக் குமிழ்க் கட்டையை நீளவாக்கில் எடுத்து, அதன் பின்நுனியை முன்புறம் வெளித்தெரியும் குமிழ் வரிசையின் நடுவில் மாட்டுங்கள். தனியாக அது நிற்காது, தொங்கும். மீதமுள்ள எட்டுக் குமிழ்க் கட்டையை, கழுத்தின் பின்நுனியையும் முதுகின் முன்பாதியையும் சேர்த்துப் பிடிக்குமாறு மேலே அழுத்தினால் கழுத்து இறுகிவிடும், திமில்மேடும் நடுமுதுகில் சரியாக முடியும். கழுத்து முனையின் அடியில் இரண்டுக்கு இரண்டு கட்டையை மாட்டினால் முகம் கீழிறங்கும். மேலே கொம்புக் கட்டையைக் குறுக்காக வைத்து, அதன் இரு நுனிகளிலும் ஒற்றைக் குமிழ்க் கட்டைகளை நிறுத்துங்கள்.

கால் ஒவ்வொன்றும் வெள்ளையின்மேல் கறுப்பு. உடலைக் கவிழ்த்துப் பிடித்து நான்கு மூலைகளிலும், கட்டையின் நீளம் உடலின் நீளவாக்கில் இருக்குமாறு, குமிழ்ப்பக்கத்தை உள்ளே செலுத்த வேண்டும். கால்களை நிறுத்தி அதன்மேல் உடலை இறக்க முயன்றால் ஒன்று நிற்க மற்றது சாயும்.

இதே உடலில் யானையும் வரும். திமில்மேட்டை எடுத்துவிட்டு, முதுகின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, தலையை முதுகுக்கும் மேலே ஏற்ற வேண்டும். முதுமலையின் தெப்பக்காடு முகாமில் நிற்கும் யானைகளின் அமைப்பு அதுதான். வரையாட்டுக்கு உடலைக் குறுக்கி, இரண்டு குமிழ்க் கட்டைகளைப் படிப்படியாகப் பின்னுக்குத் தள்ளி அடுக்கினால் பின்வளையும் கொம்பு கிடைக்கும். முதிர்ந்த ஆணென்றால் முதுகில் ஒரு சாம்பல் கட்டை. கருமந்தியின் நீண்ட, மெல்லிய வாலுக்கு மட்டும் இக்கட்டைகள் ஒத்துவராது.

பிரிக்கும்போது பல்லால் கடிக்கும் பழக்கத்தைத் தடுத்துவிடுங்கள். கழுவுவதென்றால் வெதுவெதுப்பான நீர் போதும். மழைக்காலத்தில் குழிகளில் நீர் தங்கிவிடும் என்பதால் குழிப்பக்கம் கீழிருக்கத் துணியில் பரப்பிக் காற்றில் உலர்த்த வேண்டும். அவசரத்துக்கு ஹீட்டர் அருகே வைத்தால் கட்டைகள் நெளிந்து, பின்னர் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.