ஒரு கிரிக்கெட் கிளப்பின் எதிரணி வாரியான வெற்றி தோல்விப் பட்டியலைத் தயாரிப்பது எப்படி?

மதுரை வட்டாரத்தில் பல்லாண்டுகளாக லீக் ஆடிவரும் கிளப்புகளில், எந்த அணியிடம் எத்தனை முறை வென்றோம் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் மூத்த ஆட்டக்காரர்களின் நினைவில்தான் இருக்கிறது. "அவிங்ககிட்ட நாம தோத்ததே இல்லண்ணே" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். எதிரணியிலும் அதே உறுதியோடு அதையே சொல்ல ஆள் இருப்பார். இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அணிகளுக்கு இந்தக் கணக்கு நூறாண்டுக்கு மேலாகத் தொகுக்கப்பட்டிருப்பதால், அவற்றின் பட்டியல்களை முன்மாதிரியாகக் கொள்வது நல்லது. அங்கே நாம் கற்க வேண்டிய முதல் பாடம், எண்ணத் தொடங்குவதற்கு முன் எதை எண்ணுவது என்று முடிவு செய்வதாகும்.

கவுண்டி சாம்பியன்ஷிப் அதிகாரபூர்வமாக 1890-இல் தொடங்கியது. பிறகு 1963-இல் ஜில்லெட் கோப்பை என்ற ஒருநாள் போட்டி வந்தது. அதன் முதல் ஆண்டில் ஓர் இன்னிங்ஸுக்கு 65 ஓவர்கள் வீசப்பட்டன. 1969-இல் 40 ஓவர் ஞாயிறு லீக்கும், 2003-இல் இருபது ஓவர் போட்டியும் சேர்ந்தன. எனவே யார்க்ஷயருக்கும் லங்காஷயருக்கும் இடையிலான கணக்கு என்பது ஒரே பட்டியலன்று. பல நாள் நடக்கும் முதல்தர ஆட்டம், ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம் என்று குறைந்தது மூன்று பட்டியல்கள். இந்தப் பிரிவுக்குள்ளும் எல்லைக்கோட்டில் நிற்கும் ஆட்டங்கள் உண்டு. பெருந்தொற்றால் சாம்பியன்ஷிப் நடக்காத 2020-இல் பாப் வில்லிஸ் கோப்பைக்காக ஆடப்பட்டவை முதல்தர ஆட்டங்களே. ஆனால் அவற்றைச் சாம்பியன்ஷிப் கணக்கில் சேர்க்க முடியாது. நம் கிளப்புக்கும் மாவட்ட லீக், நாக்அவுட் போட்டி, நட்பு ஆட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடு வேண்டும். டென்னிஸ் பந்து ஆட்டங்களை இவற்றோடு கலக்கவே கூடாது என்பது என் கருத்து. அவற்றில் எவ்வளவு பெரிய வெற்றி கிடைத்திருந்தாலும் சரி.

அடுத்து, எதிரணி யார் என்பதில் தெளிவு வேண்டும். கிளாமோர்கன் 1921-இலும் டர்ஹம் 1992-இலும்தான் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தன என்பதால், அவற்றுக்கு எதிரான வரிசைகள் பிந்தியே தொடங்கும். நம் ஊரில் பெயர் மாற்றம்தான் பெரிய சிக்கல். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2016, 2017 ஆண்டுகளில் மதுரை சூப்பர் ஜெயன்ட் என்று ஆடிய அணி, 2018-இல் மதுரை பாந்தர்ஸ் என்ற பெயரோடு வந்து அவ்வாண்டே கோப்பையை வென்றது. இத்தகைய அணியை ஒரே வரிசையில் வைப்பதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, அந்த முடிவைப் பட்டியலின் தலையிலேயே எழுதிவிட வேண்டும். லீக் அணிகளிலும் ஆதரவு தரும் நிறுவனம் மாறும்போது பெயரும் மாறக்கூடும். ஆட்டக்காரர்களும் லீக் இடமும் அப்படியே தொடர்ந்தால் அதை ஒரே அணியாகக் கொள்வதே நியாயம்.

தரவுக்கு முதல் ஆதாரம் ஸ்கோர்புக். அது கிடைக்காத ஆண்டுகளுக்கு நாளிதழ்களின் மதுரைப் பதிப்புகளில் வந்த விளையாட்டுச் செய்திகளைத் தேட வேண்டும். செய்தியில் ரன் தொகையும் முடிவும் மட்டுமே இருந்தாலும் நமக்கு அது போதும்.

பழைய ஸ்கோர்புக்கின் பக்கம் ஒன்றைத் திறந்தவுடன் முடிவை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடாமல், கூட்டலைச் சரிபாருங்கள். பேட்ஸ்மேன்களின் ரன்களும் உதிரிகளும் (பை, லெக்பை, வைட், நோபால் போன்றவை) சேர்ந்து அணியின் மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். அதேபோல, பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்களோடு பை, லெக்பை ஆகியவற்றைக் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். 1980-களின் நடுப்பகுதிக்கு முந்திய புத்தகமானால் வைடும் நோபாலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏற்றப்பட்டிருக்காது. அவற்றையும் தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு வழியிலும் மொத்தம் ஒத்துவராமல், வெற்றி வித்தியாசமோ ஓரிரு ரன்களாக இருந்தால், அந்த ஆட்டத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி இட்டு வையுங்கள்.

முடிவுகளைப் பிரிப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். டிராவும் டையும் ஒன்றல்ல: கடைசியாக ஆடும் அணியின் இன்னிங்ஸ் முடிந்து ரன்கள் சமமாக இருந்தால் மட்டுமே டை, நேரம் முடிந்து வெற்றி தோல்வி இல்லாமல் போனால் டிரா. மழையால் பாதியில் நின்ற ஒருநாள் ஆட்டம் முடிவில்லாதது. ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டதை ஆடிய ஆட்டமாகவே எண்ணக் கூடாது. எதிரணி மைதானத்துக்கு வராததால் கிடைத்த வாக்ஓவர் புள்ளிப் பட்டியலுக்கு உரியது. வெற்றிக் கணக்கில் அதைச் சேர்ப்பது கௌரவமன்று.

இந்தப் பிரிவினை சதவீதத்தை எப்படி மாற்றும் என்பதைப் பாருங்கள். ஓர் எதிரணியோடு 24 ஒருநாள் ஆட்டங்கள் ஆடி, 9 வெற்றி, 11 தோல்வி, 1 டை, 3 முடிவில்லை என்று வைத்துக்கொள்வோம். 24-ஆல் வகுத்தால் வெற்றி விகிதம் 37.5, முடிவில்லாதவற்றை நீக்கினால் 42.86, டையை அரை வெற்றியாகக் கொண்டால் 45.24. மூன்றும் சரியான கணக்குதான், ஆனால் எல்லா எதிரணிகளுக்கும் ஒரே முறையைக் கையாள வேண்டும்.

பட்டியலின் கடைசியில் குறிப்புக்கென ஒரு கட்டம் ஒதுக்குங்கள். 1922-இல் எட்ஜ்பாஸ்டனில் வார்விக்ஷயரின் 223 ரன்களுக்கு எதிராக 15 ரன்னில் சுருண்ட ஹாம்ப்ஷயர், ஃபாலோ ஆன் பெற்று (அதாவது உடனே மீண்டும் ஆட வைக்கப்பட்டு) 521 குவித்து, வார்விக்ஷயரை 158-இல் மடக்கி 155 ரன் வித்தியாசத்தில் வென்றது. எண்களின் வரிசையில் அதுவும் ஒரு வெற்றி மட்டுமே; குறிப்பு இல்லாவிட்டால் அப்படியோர் ஆட்டம் நடந்ததே தெரியாது.

இறுதியாக, எதிரணியின் செயலாளரிடம் உங்கள் பட்டியலைக் காட்டி அவர்களுடைய ஏட்டோடு ஒப்பிடுங்கள். நம் வெற்றி எண்ணிக்கை அவர்களது தோல்வி எண்ணிக்கையாகவும், டையின் எண்ணிக்கை இருபுறமும் ஒன்றாகவும் இருக்க வேண்டும். வேறுபடும் ஆட்டங்களை மட்டும் தேதி வாரியாக எடுத்துப் பேசித் தீர்த்த பிறகு, எந்த நாள் வரையிலான கணக்கு என்பதைத் தலைப்பின் கீழ் எழுதி, இரு கிளப்புகளும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளலாம்.