குழுப் பணத்தைப் பற்றிப் புரளி கிளம்பினால் செய்ய வேண்டியவை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். "ஊக்குநர் குழுப் பணத்தில் கை வைத்துவிட்டார்" என்ற பேச்சு ஒருமுறை எங்கள் தெருவிலும் எழுந்தது. குழுவை முன்னின்று நடத்துபவரைத்தான் ஊக்குநர் என்கிறோம். அப்போது நாங்கள் செய்த தவறுகளும் பின்னர் கற்றுக்கொண்டவையும் பிற குழுக்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். பணம் பத்திரமாக இருக்கும்போது மட்டுமே இந்த வழிமுறை பொருந்தும். கணக்கில் உண்மையாகவே குறை இருந்தால், கேள்வி கேட்டவரின் வாயை அடைக்க இதில் ஒரு வரியைக்கூடப் பயன்படுத்தக் கூடாது. அங்கே குழுவைக் காப்பாற்றுபவர் அவர்தான்.

முதலாவதாக, பேச்சைக் கிளப்பியவர் யார் என்று தேடிப் போகாதீர்கள். எங்கள் ஊக்குநர் அதைத்தான் செய்தார். மீன் கூடையுடன் பெண்கள் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடத்துக்கே போய், தன்னைப் பற்றி அவதூறு சொன்னது யார் என்று உரக்கக் கேட்டார். அதுவரை சங்கதி தெரியாதிருந்தவர்களுக்கும் அன்று தெரிந்துபோனது. யார் சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று விசாரியுங்கள். நான் கண்டவரையில் இத்தகைய பேச்சுகளுக்குப் பின்னால் யாரோ கண்ணால் பார்த்த ஒரு சிறு பொருள் இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் அது வங்கிப் பாஸ்புக். பதினாறு பேரின் சந்தா 6,400 ரூபாயைக் கட்டிய நாளில் வங்கியில் அச்சிடும் இயந்திரம் பழுதாகியிருந்ததால் வரவு பதிவாகவில்லை. கடன் விஷயமாக ஊக்குநர் வீட்டுக்கு வந்த ஓர் உறுப்பினர் பாஸ்புக்கைப் புரட்டியபோது கடைசி வரி முந்தைய மாதத்தோடு நின்றிருந்தது. காலையில் "6,400 ரூபாய் ஏறவில்லை" என்றிருந்த பேச்சு, பொழுது சாய்வதற்குள் "64,000 ரூபாயைக் காணோம்" என்றாகிவிட்டது. 1947இல் வதந்திகளை ஆராய்ந்து எழுதிய ஆல்போர்ட், போஸ்ட்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், கைமாறும்போது விவரங்கள் உதிர்ந்துபோய், எஞ்சிய ஒன்றிரண்டு மட்டும் கூர்மையாகிப் பெரிதாகிவிடும் என்று காட்டினார்கள். எங்கள் தெருவில் இயந்திரப் பழுது உதிர்ந்தது, தொகை பெருத்தது.

விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியமானது, எவ்வளவு தெளிவற்றது என்ற இரண்டின் பெருக்கமே வதந்தியின் வேகம் என்றும் அவர்கள் சொன்னார்கள். இதைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்த நான்காம் நாள், மீண்டும் அலை வரக்கூடும் என்ற மத்திய அரசின் எச்சரிக்கையைக் கேட்டுக் கடலோர மக்கள் கடலைவிட்டு உள்பகுதிகளை நோக்கி ஓடினார்கள். அலை வரவில்லை, ஆனால் ஓடியவர்களை அறிவில்லாதவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? குழுப் பணமும் அப்படித்தான். மகளின் பள்ளிக் கட்டணமும் வலை வாங்கிய கடனும் அதில் இருக்கும்போது அதன் முக்கியத்துவத்தைக் குறைக்க முடியாது. ஊக்குநரின் கையில் இருப்பது தெளிவின்மையைக் குறைக்கும் வேலை மட்டுமே. ஆகையால் சந்தேகப்பட்டவரிடம் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அவர் கேட்டது கணக்கை. நீங்கள் உறவை இழுத்தால் கணக்கு மறைக்கப்படுவதாகத்தான் தோன்றும்.

சொல்வதைவிடக் காட்டுவது வலிமையானது. 1973 டிசம்பரில் ஜப்பானின் தொயோகாவா பகுதியில், ரயிலில் மூன்று பள்ளி மாணவிகள் பேசிக்கொண்ட விளையாட்டுப் பேச்சு திரிந்து, அங்கிருந்த கடன் சங்க வங்கி திவாலாகப் போகிறது என்று பரவியதால், ஒரு வாரத்துக்குள் பணம் எடுக்க மக்கள் திரண்டார்கள். வங்கி கொடுத்த விளக்கங்களும் தொடக்கத்தில் பீதியைக் கூட்டின. பிறகு வங்கி நோட்டுக் கட்டுகளை மக்கள் கண்ணில் படும்படி அடுக்கி வைத்தது. எங்களிடம் அடுக்க நோட்டுக் கட்டு இல்லை. வங்கி முத்திரை வைத்த செலான் துண்டு இருந்தது.

அதை ஊக்குநர் யாரிடம் முதலில் கொண்டுபோக வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆதரவாளர்களிடம் காட்டுவதால் ஆறுதல் கிடைக்குமே தவிரப் பேச்சு நிற்காது. பாஸ்புக்கைப் புரட்டிய அந்த உறுப்பினரின் வீட்டுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து, துண்டை அவர் கையில் கொடுத்தோம். உப்புக் காற்றில் மை பூத்திருந்தாலும் தேதி தெளிவாக இருந்தது. ஆறு, நான்கு, சைபர், சைபர் என்று ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்தவர், "இதை நான் பார்க்கலையே அக்கா" என்றார். அடுத்த கூட்டத்தில் அந்தத் துண்டை வாசிக்கும்படி அவரையே கேட்டுக்கொண்டோம்.

கூட்டத்தில் உண்மையை முதலில் சொல்லுங்கள். "நான் 64,000 ரூபாயை எடுக்கவில்லை" என்று தொடங்கினால் அந்தத் தொகைதான் மனத்தில் பதியும். திரும்பத் திரும்பக் கேட்டது உண்மையாகத் தோன்றத் தொடங்கும் என்பது 1977 முதல் பல சோதனைகளில் காணப்பட்டது. "6,400 ரூபாய் இந்தத் தேதியில் கட்டப்பட்டது, செலான் இதோ, பாஸ்புக்கில் ஏறிய வரி இதோ" என்பதே போதும். வாட்ஸ்அப் குழுவிலும் இதே இரண்டு படங்கள் போதும். பரவிய குரல் பதிவை மறுப்பதற்காகக்கூடத் திரும்ப அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று, கூட்டத்தின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தான் மட்டும்தான் விளக்கத்தை நம்பவில்லை, மற்ற எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்து வாய்மூடி இருப்பது உண்டு. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், கூட்டமே தவறான பதிலைச் சொன்னபோது, சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒரு துணை இருந்தாலும் கூட்டத்துக்கு இசைந்து போவது பெருமளவு குறைந்தது. கூட்டத்துக்கு முன்பே இரண்டு மூன்று பேரைத் தனித்தனியே பார்த்து, அவர்களுக்கு இருக்கும் கேள்வியைக் கூட்டத்தில் எழுந்து கேட்கச் சொல்லுங்கள். புகழ்ந்து பேசச் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும்.

பேச்சு ஓய்ந்த பிறகு, அதைப் பரப்பியவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லி எங்களில் சிலர் வற்புறுத்தினார்கள். நான் ஒப்பவில்லை. தெருவில் தலைகுனிந்தவர் அடுத்த முறை கணக்கில் உண்மையான ஓட்டை கண்டாலும் வாய் திறக்கமாட்டார். அதற்குப் பதிலாக, வங்கிக்குப் போகும்போது ஊக்குநருடன் முறைவைத்து ஓர் உறுப்பினரும் போவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். முதல் மாதம் அவர் பெயர்தான் வந்தது. பாஸ்புக்கில் வரி ஏறும்வரை கவுன்ட்டரை விட்டு நகராமல் நின்றுவிட்டு, அதைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பியவரும் அவர்தான்.