அப்லோட் ஃபைலை ரெஜெக்ஸ் வைத்துத் தடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ்களுக்கு புக்கிங் தளம் செய்து தருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிறவர் ஆதார் நகலை ஏற்ற ஒரு பட்டன் வைத்திருப்பீர்கள், அதன் வழியாக எவனாவது, சர்வரில் நிரலாக ஓடக்கூடிய ஒரு பிஎச்பி ஃபைலை ஏற்றி பிரவுசரில் திறந்துவிட்டால் சர்வரே அவன் கைக்குப் போய்விடும், கூடவே அங்கே தங்கிய அத்தனை பேரின் ஆதாரும்.

இதைத் தடுக்க, ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை (எக்ஸ்டென்ஷன்) ரெஜெக்ஸ் என்ற எழுத்து வடிவத் தேடலால் சோதிப்பது வழக்கம். அதில் முதலில் சின்னத் தவறுகள். ரெஜெக்ஸில் வெறும் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், அதனால் முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டு \. என்றுதான் எழுத வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத ஐ ஃபிளாக்கை மறக்காதீர்கள். \.பிஎச்பி|ஃபார்$ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், பெயரின் முடிவைக் குறிக்கும் கடைசி $ குறி ஃபாருக்கு (பிஎச்பியின் இன்னொரு ஃபைல் வகை) மட்டும்தான் சேரும், \.(பிஎச்பி|ஃபார்)$ என்பதே சரி.

இதெல்லாம் திருத்தின பிறகும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. பெயரைச் சோதிப்பது உங்கள் கோட், அதைச் சேமிப்பதும் ஓட்டுவதும் விண்டோஸ், அப்பாச்சி (வெப் சர்வர்) போன்ற வேறு ஆட்கள், அவர்கள் அதே பெயரை வேறு மாதிரி படிப்பார்கள். பில்.இஎக்ஸ்இ என்பதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்து அனுப்பினால் உங்கள் பேட்டர்னில் சிக்காது, ஆனால் விண்டோஸ் கடைசிப் புள்ளியைக் கழற்றிவிட்டு பில்.இஎக்ஸ்இ என்றே சேமிக்கும். அப்பாச்சியில், எந்த எக்ஸ்டென்ஷனை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஆட்ஹேண்ட்லர் வரியில் பிஎச்பியைச் சேர்த்திருந்தால், அறை.பிஎச்பி.ஜேபிஜி கூட பிஎச்பியாக ஓடும்.

இதற்கு நல்ல உதாரணம் சிவிஇ-2017-15715 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பதிவு எண்). அப்பாச்சி 2.4.0 முதல் 2.4.29 வரை, எந்தெந்த ஃபைலுக்கு ஒரு விதி பொருந்தும் என்று சொல்லும் ஃபைல்ஸ்மேட்ச் வரியில் இருக்கும் $ குறி, பெயரின் கடைசியில் வரும் புதுவரி எழுத்துக்கு முன்னாலும் பொருந்தியது. பெயரைத் தனி ஃபீல்டில் வாங்கி, எக்ஸ்டென்ஷனைத் தடைப் பட்டியலோடு ஒப்பிடும் தளத்தில், பிஎச்பிக்குப் பின்னால் ஒரு புதுவரி சேர்த்தால் பட்டியலில் இல்லாத பெயர் என்று உள்ளே விட்டுவிடும், அப்பாச்சியோ அதை பிஎச்பி என்று ஓட்டிவிடும். பிஎச்பியிலும் பைத்தானிலும் $ இன்றும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதனால் $ குறிக்குப் பதில் பிஎச்பியில் பேக்ஸ்லாஷோடு சின்ன இசட் போடுங்கள், பைத்தானில் பெயர் முழுவதும் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபுல்மேட்ச் பயன்படுத்துங்கள்.

அதனால் தடைப் பட்டியலே வேண்டாம், ஜேபிஜி, பிஎன்ஜி, பிடிஎஃப் மூன்றை மட்டும் அனுமதியுங்கள். தடைப் பட்டியலில் பிஎச்பி5, பிஎச்டிஎம்எல் என்று எதையாவது விட்டுவிடத்தான் செய்வோம். அப்புறம் ஃபைலுக்குள்ளேயும் பாருங்கள்: நீலகிரிக்கு ஏறும் வழியில் பர்லியாறு செக்போஸ்டில் பையைத் திறந்துதான் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பைமேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அனுப்புவதில்லை. ஆனால் உள்ளே பார்ப்பது மட்டும் போதாது, உண்மையான ஜேபிஜி படத்துக்குள்ளும் பிஎச்பி வரிகளை ஒளித்து வைக்கலாம். வந்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு நீங்களே ஒரு ரேண்டம் பெயர் கொடுங்கள், தளத்தின் பொது ஃபோல்டருக்கு வெளியே சேமியுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே மேலே சொன்ன தந்திரங்களில் முக்கால்வாசி செத்துவிடும்.

மே சீசனுக்குத் தளத்தைத் திறக்கும் முன், அறை.ஜேபிஜி.பிஎச்பி, அறை.பிஎச்பி.ஜேபிஜி, முழுக்கப் பெரிய எழுத்தில் எக்ஸ்டென்ஷன், கடைசியில் புள்ளி, கடைசியில் இடைவெளி, கடைசியில் புதுவரி என்று ஒவ்வொன்றாக நீங்களே ஏற்றிப் பாருங்கள். எது உள்ளே போனாலும், சர்வரில் அது எந்தப் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.