அம்மாவின் பிறந்தநாளை வீட்டிலேயே கொண்டாடுவது எப்படி?

எங்கள் வீட்டில் அத்தனை பேர் பிறந்தநாளுக்கும் பாயசம் வைத்தவர் அம்மா. தனக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு என்று அவர் பேசியதே இல்லை. அவருக்கு அறுபது நிறைந்தபோது ஒரு ஹோட்டலில் விருந்து வைத்தோம். ஏசி குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லியபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியதும், "யார்கிட்டயும் உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேச முடியலையே" என்றார். அது மனதில் தைத்துவிட்டது. அறுபத்தைந்தாவது பிறந்தநாளை வீட்டிலேயே, அவருக்குப் பிடித்ததை அவரோடு சேர்ந்து செய்து கொண்டாடினோம். அன்று எப்படிச் செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முதல்முறை செய்கிறவர்களுக்கு இது போதும். அம்மாவுக்குச் செய்ததை அப்பாவுக்கோ பாட்டிக்கோ மாற்றிக்கொள்வது எளிது.

1. முதலில் பிறந்தநாள் எது என்று பாருங்கள்

இது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அந்தத் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் இருக்கும் தேதி பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. ஐந்து வயது நிறைய வேண்டும் என்பதற்காக ஜூன் 1 என்று எழுதிவிடுவார்கள். அம்மாவின் சான்றிதழிலும் ஜூன் 1, 1959 தான். ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் விகாரி வருடம், ஐப்பசி மாதம், ரோகிணி நட்சத்திரம்.

தமிழ் வருடப் பெயர் தெரிந்தால் ஆங்கில வருடத்தைப் பிடித்துவிடலாம். பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விகாரி 2019 ஏப்ரலில் பிறந்தது, அதற்கு முந்தைய விகாரி 1959. ஜாதகம் இல்லாத வீடுகளில் பெரியம்மா, அத்தை மாதிரி மூத்தவர்களைக் கேளுங்கள். "தீபாவளிக்கு மூணு நாள் கழிச்சுப் பொறந்தா" என்பது போல ஒரு குறிப்பாவது கிடைக்கும்.

நட்சத்திரப் பிறந்தநாள் என்றால் பிறந்த தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் வரும் நாள். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரிலேயே போட்டிருக்கும். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றி வர ஏறக்குறைய 27.3 நாள் ஆகும். தமிழ் மாதம் அதைவிட நீளம். அதனால் சில வருடம் ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரண்டு தடவை வரும். பல வீடுகளில் இரண்டாவதை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டு வழக்கம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் வாரநாளில் வந்தால் அன்று கோயிலும் அர்ச்சனையும் மட்டும் போதும். எல்லோரும் கூடுவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். லீவு போட்டுவிட்டு அலுவலக போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைவிட, ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக வரும் பிள்ளை மேல்.

2. "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் "எனக்கென்ன வேணும், நீங்க வந்தா போதும்" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேளுங்கள். "சின்ன வயசுல லீவு விட்டா என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அம்மா மயிலாடுதுறையில் வளர்ந்தவர். ஐப்பசியில் விடியற்காலையில் துலாக் கட்டத்துக்குப் போய்க் காவிரியில் முழுகியது, மழை பிடித்துக்கொண்டால் அத்தையோடு திண்ணையில் பல்லாங்குழி ஆடியது, வகுப்புத் தோழியோடு போட்டி போட்டுக்கொண்டு கதம்பம் கட்டியது என்று அரை மணி நேரம் பேசினார். கடைக்குப் போய் வாங்க வேண்டிய பொருள் அதில் ஒன்றுகூட இல்லை. அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் நிகழ்ச்சி நிரலாக எழுதிக்கொண்டேன்.

3. யார் யாரை அழைப்பது

பத்து, பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் பேச முடியாது. பிள்ளைகள், பேரக் குழந்தைகள், கூடப்பிறந்தவர்கள், அப்புறம் கட்டாயமாக ஒரு பழைய சிநேகிதி. இந்தக் கடைசி ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் மிகச் சிறந்த பரிசு என்பேன். அம்மாவின் வகுப்புத் தோழி இருப்பது பக்கத்து ஊர்தான். ஆனாலும் இரண்டு பேரும் பார்த்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவரை அழைத்து வரவும் இருட்டுவதற்கு முன் கொண்டுபோய் விடவும் வண்டி ஏற்பாடு செய்தோம்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு இருக்காமல் ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். பெரியவர்களுக்கு அதிர்ச்சிக் கொண்டாட்டம் வேண்டாம். அவர்களுக்கு நல்ல புடவை கட்டிக்கொள்ள வேண்டும், நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும், வருகிறவர்களை எதிர்பார்த்து வாசலைப் பார்க்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பில்தான் பாதி சந்தோஷம்.

4. சமையலைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அன்று பிறந்தநாள் கொண்டாடுகிறவர் அடுப்படிக்குள் வரக்கூடாது. இதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் ஒருவர், பொரியலும் ரசமும் ஒருவர், வடையைத் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பாயசத்தை மட்டும் பிள்ளைகள் கையால் வையுங்கள்.

பன்னிரண்டு பேருக்குப் பாசிப்பருப்புப் பாயசம்: பருப்பு 250 கிராம், வெல்லம் 400 கிராம், தேங்காய் 2, ஏலக்காய் 6, நெய் 3 மேசைக்கரண்டி, ஒரு கைப்பிடி முந்திரி. தேங்காயைத் துருவி அரைத்து முதல் பாலைத் தனியாகவும், மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் பாலைத் தனியாகவும் எடுத்து வையுங்கள். பருப்பை ஒரு கரண்டி நெய்யில் வாசனை வரும்வரை வறுத்து, மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். வெல்லத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும்.

புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பருப்பு மசிவதற்கு முன்பே வெல்லத்தைச் சேர்ப்பது. சேர்த்துவிட்டால் அதற்குப் பிறகு பருப்பு லேசில் வேகாது. இன்னொன்று, முதல் பாலை விட்டுக் கொதிக்கவிடுவது. கொதித்தால் திரிந்துவிடும். ஆகவே மசிந்த பருப்பில் வெல்லக் கரைசலையும் இரண்டாம் பாலையும் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றி, சூடேறியதும் இறக்கிவிடுங்கள். ஏலக்காயைப் பொடித்துப் போட்டு, மீதி நெய்யில் வறுத்த முந்திரியைக் கொட்டுங்கள். ஆற ஆற இறுகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் நீர்க்கவே இருக்கட்டும். சர்க்கரை இருப்பவர்களுக்குச் சின்ன டம்ளரில் கொடுங்கள்.

5. காலை: கோலமும் ஆரத்தியும்

ஐப்பசி என்றால் அடைமழை. அதனால் கோலத்தைக் கூடத்திலேயே போட்டோம். ஏழு புள்ளி, நான்கு வரை, இடைப்புள்ளி. நடுவில் ஏழு புள்ளி வரிசையாக வைத்து, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு என்று இரண்டு புள்ளிக்கு நடுவே ஒன்று வருமாறு குறைத்துக்கொண்டே போக வேண்டும். குழந்தைகளே போடட்டும். கோடு கோணினாலும் பாட்டி திருத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆரத்தியைக் கரைக்கும் வேலையையும் குழந்தைகளிடம் கொடுங்கள். தட்டில் தண்ணீர் விட்டு அரை ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்து, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை சேர்த்தால் மஞ்சள் நீர் கண்ணெதிரே சிவந்துவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும், அதுதான் காரணம். என் அண்ணன் மகள் மூன்று தட்டு கரைத்தாள். சுண்ணாம்புக் கை கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேக் வேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்பட்டால் சின்னதாக ஒன்று வெட்டலாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது அம்மாவுக்கு மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் குத்துவிளக்கை ஏற்றினோம். அப்புறம் சின்னவர்கள் எல்லோரும் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள்.

6. சாப்பாட்டுக்குப் பிறகு பல்லாங்குழி

நாளின் முக்கியமான பகுதி இதுதான். நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை வட்டம் போடுங்கள். காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள். அந்த விதைக்குள் கொடிய விஷம் உண்டு, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.

ஊருக்கு ஊர் விதி மாறும். நாங்கள் ஆடியது இப்படி. குழிக்கு ஐந்து காய், மொத்தம் 70. உங்கள் பக்கத்து வரிசை உங்களுடையது. அதில் ஏதாவது ஒரு குழியைக் காலி செய்து, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள், எதிராளி வரிசையையும் சேர்த்து. கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடருங்கள். அந்த அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்த குழியில் இருப்பது முழுவதும் உங்களுக்கு. அதோடு உங்கள் முறை முடியும். இரண்டு குழி சேர்ந்தாற்போல் காலி என்றால் ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது காய் நான்காகிவிட்டால் அது பசு. அந்த வரிசைக்காரர் உடனே எடுத்துக்கொள்ளலாம், கவனிக்காமல் விட்டால் போயிற்று. ஒரு சுற்று முடிந்ததும் ஜெயித்த காய்களைக் கொண்டு அவரவர் குழியை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழி மூடப்படும். ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாதவர் தோற்றவர்.

அம்மா குழியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எங்கிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனக்கணக்கில் சொன்னார். பேரன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டியிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்ததும், அது தெரிந்து அம்மா முகம் மலர்ந்ததும் இந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம்.

7. பழைய போட்டோக்கள்

அன்றைக்கு நாலரை மணிக்குக் காபியோடு ஆல்பத்தை எடுத்தோம். போட்டோவில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் கூட இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஒருவர் போனில் குரல்பதிவைப் போட்டு வைக்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், ஊர், வருடம் மூன்றையும் எழுதட்டும். பென்சிலால் லேசாக எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதைக் கவரில் போட்டுக் கவர்மேல் எழுதுங்கள்.

"இது யார்?" என்று மட்டும் கேட்டால் பெயரோடு பதில் நின்றுவிடும். "இந்தப் புடவை யார் எடுத்துக் கொடுத்தது?", "அன்னைக்கு என்ன சமையல்?" என்று கேளுங்கள். ஒரு புடவையிலிருந்து தொடங்கி, அம்மாவும் சித்தியும் தோழியுமாக, எங்களுக்குத் தெரியாத ஒரு தாத்தாவையே எங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பதிவு நாற்பது நிமிடம் வந்தது. கோப்புக்குத் தேதியோடு பெயர் வைத்து அன்றே இரண்டு பேர் போனில் சேமித்துக்கொண்டோம்.

பேசிக்கொண்டே அம்மாவும் தோழியும் மடியில் மல்லிகையையும் கனகாம்பரத்தையும் மருக்கொழுந்தையும் போட்டுக்கொண்டு கதம்பம் கட்டினார்கள். பூவை முதல்நாளே சொல்லி வைத்து மூன்று முழத்துக்கு உதிரியாக வாங்கியிருந்தோம். நாரை நனைத்து வைக்க மறக்காதீர்கள், காய்ந்த நார் பூக்காம்பை அறுத்துவிடும்.

8. கிளம்பும் நேரம்

பாத்திரம் தேய்ப்பது யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் கிளம்பிய பிறகு அம்மாதான் தேய்த்துக்கொண்டிருப்பார். மீதிப் பாயசத்தை மூடி போட்ட டம்ளரில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

மழை விட்டதும் தோழியை வண்டியில் ஏற்றினோம். கட்டிய கதம்பத்தை அம்மா சரிபாதியாகக் கிள்ளி அவர் தலையில் வைத்துவிட்டார். வண்டி நகரும்போது அவர் கண்ணாடியை இறக்கி, "மாசியில என் பொறந்தநாள், நீதான் வரணும், பல்லாங்குழியை எடுத்துக்கிட்டு வா" என்றார். காலண்டரில் மாசி மாதத்தில் அவருடைய நட்சத்திரத்தைத் தேடி அம்மா அன்றே வட்டம் போட்டு வைத்தார்.