கிறவல் வீதியில் இறங்குமுன் காற்றைக் குறையுங்கள்

கொழும்பிலிருந்து அவிசாவளை வரை தார் வீதியில் சைக்கிளோட்டிச் சென்று, அங்கிருந்து களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்களுக்குள் செல்லும் கிறவல் பாதைகளில் இறங்குவோர், புதிய ரயர் வாங்க எண்ணுமுன் இருக்கும் ரயரின் காற்றைச் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும். 40 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயரில் தாருக்குச் சதுர அங்குலத்துக்கு 45 இறாத்தல் (psi) காற்றழுத்தம் வைத்திருந்தால், சராசரி உடல் எடையுள்ளவருக்குக் கிறவலில் 35 அளவில் போதும்.

இறுகிய ரயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஓட்டுபவரையும் மேலே தூக்கிப் போடுவதால், முன்னோக்கிச் செல்ல வேண்டிய உழைப்பின் ஒரு பகுதி அந்தக் குலுக்கலிலேயே வீணாகிறது. காற்றுக் குறைந்த ரயரோ கல்லின்மேல் அமிழ்ந்து கடந்து செல்வதுடன், நிலத்தை அதிக பரப்பில் தொடுவதால், மழைக்குப் பின் ஆற்றோர இறக்கங்களில் சறுக்குவதும் குறைகிறது. என் கணிப்பில் இந்த இரண்டாவது பயனே பெரியது. அளவைக் கைவிரலால் அழுத்தி மதிப்பிடாமல், அளவுமானி உள்ள சிறு கைப்பம்பினால் பாருங்கள், ஏனெனில் 35க்கும் 25க்கும் உள்ள வேறுபாடு பெருவிரலுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை.

28 மில்லிமீற்றர் போன்ற ஒடுங்கிய ரயர்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் கல்லுக்கும் சில்லின் உலோக விளிம்புக்கும் இடையில் ரியூப் நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழுந்துவிடும். பொதி ஏற்றியவர்கள் பின் ரயரைக் குறைக்காமல் விடுவது நல்லது. கொழும்புக்குத் திரும்பும் தார் வீதியில் ஏறுமுன் மீண்டும் காற்றடித்துக்கொள்ள வேண்டும்.